வேர்க்காத மேடம்

பம்பைப் போட்டாச்சு. மணி எட்டு முப்பத்திரெண்டு. சுவத்துக் கடியாரத்தைப் பாத்தேன், கைக்கடியாரத்தைப் பாத்தேன், ரெண்டுக்கும் ஒரு நிமிசம் வித்தியாசம், சவம் ஏதோ ஒண்ணை நம்பித்தானே ஆகணும், சுவத்துல உள்ளதையே வச்சுக்கிடுவோம், ஒம்பது பதினேழு வரைக்கும் இந்தப் பம்பு மேல கை வைக்க மாட்டேன், எவன் வந்தாலும் சரி, எவ்வளவு பெரிய காரைக் கொண்டாந்து நிறுத்தினாலும் சரி. நாப்பத்தஞ்சு நிமிசம். பம்பு கார் ஏ.சி.க்குள்ள இருக்க காத்தை உறிஞ்சிக்கிட்டு டொர்ருன்னு ஓடுது, மஞ்சள் ஹோஸ் லேசா ஆடுது, நீலக் கேஜுல ஊசி பூஜ்யத்துக்குக் கீழ இறங்கி முப்பதுகிட்டப் போய் ஒட்டிக்கிட்டு நிக்குது. ஊசி நின்னுட்டா வேலை முடிஞ்சுதுன்னு பாக்கிறவனுக்குத் தோணும். முடியல. காத்துதான் வெளிய போயிருக்கு, ஈரம் போகல. பைப்புக்குள்ள ஈரம் ஒட்டிக்கிட்டுக் கெடக்கும், கண்ணுக்குத் தெரியாது. காத்தே இல்லாத எடத்துல தண்ணி தீயில்லாமலே கொதிக்கும்னு ஐ.டி.ஐ.யில வாத்தியார் சொன்னப்போ பெஞ்சே சிரிச்சுது, ஆனா அதுதான் நெசம், இப்போ இந்தச் சின்னக் காருக்குள்ள பச்சத்தண்ணி சத்தமில்லாமக் கொதிச்சு ஆவியாகி வெளிய வந்துக்கிட்டு இருக்கு, அதுக்குத்தான் நாப்பத்தஞ்சு நிமிசம். பன்னெண்டு நிமிசத்துல ஒண்ணும் போகாது. எனக்குத் தெரியும். இருபத்தாறு வருசமா பாளையங்கோட்டையில கார் ஏ.சி. வேலை பாக்கேன், எனக்குத் தெரியாதா. தெரிஞ்சேதான் அன்னைக்குக் கழட்டுனேன்.

அவ, இந்தக் காருக்குச் சொந்தக்காரி, உள்ள ரூம்ல மேசை ஃபேனுக்கு எதிர உக்காந்திருக்கா. கழுத்தைச் சுத்தி ஈரத்துண்டு. அஞ்சு நிமிசத்துக்கு ஒருதரம் எழும்பி என் தண்ணிக் கேன்ல துண்டை நனைச்சுப் பிழியாமலே போட்டுக்கிடுதா, சுடிதார் முதுகெல்லாம் ஈரம். முதல்ல நான், இந்தப் பிள்ள என்ன இப்படித் தொப்பலா நனைஞ்சுபோய் இருக்குன்னு பாத்தேன், பொறவுதான் உறைச்சுது, நமக்கு உடம்பே செய்யுத வேலையை அவ துண்டை வச்சுச் செய்யுதா. ஆவுடைநாயகின்னு பேரு. முப்பத்தொண்ணு முப்பத்திரெண்டு வயசிருக்கும், கோவில்பட்டியில ஒரு காலேஜ்ல லைப்ரரியன். இங்க இருந்து தெனமும் காரை எடுத்துக்கிட்டுப் போறா, ஒரு மணி நேர ஓட்டம். போன வாரம் செவ்வாக்கிழமை முத முதல்ல வந்தப்போ வண்டிய நிறுத்தின உடனே சொன்னா, "அண்ணாச்சி, ஏ.சி. சுத்தமாக் குளிரல, கொஞ்சம் நல்லாப் பாருங்க, எனக்கு வேர்க்காது"ன்னு. அக்னி நட்சத்திரம், என் பனியன் முதுகோட ஒட்டிக்கெடக்கு, நெத்தி வேர்வை கண்ணுல எறங்கி எரியுது, இந்தப் பிள்ள வந்து எனக்கு வேர்க்காதுன்னா நான் என்ன நெனப்பேன்? பெருமை பேசுதான்னு நெனச்சேன். "குடுத்து வச்சவங்க நீங்க" அப்படின்னேன். சொல்லிட்டுச் சிரிக்கவும் செஞ்சேன். அவளும் சிரிச்சா. அந்தச் சிரிப்புதான் இப்போ வந்து வந்து நிக்குது. எத்தனை பேரு இதே பதிலைச் சொல்லி அவ இதே சிரிப்பைச் சிரிச்சிருப்பாளோ. அதோட விட்டேனா? நம்பரை வாங்கி போன்ல என்ன பேரு போட்டேன்? பேரு கேக்கல. வேர்க்காத மேடம்னு போட்டேன். எனக்கு அப்படித்தான் பழக்கம், மூக்குக்கண்ணாடி டாக்டர், ஆரன் வாத்தியார், வேர்க்காத மேடம். கோட்டிக்காரன். ஒருத்தி தன் உசுரு எங்க இருக்குன்னு சொல்லுதா, நான் அதைப் பட்டப்பேரா எழுதி வச்சிருக்கேன்.

எட்டு நாப்பது. அன்னைக்கு வண்டியில கோளாறு இருந்தது உண்மைதான், அதுல பொய் இல்ல. எக்ஸ்பேன்ஷன் வால்வு இறுகிப்போயிருந்துச்சு. தீப்பெட்டி அளவு சாமான் அது, உள்ள ஊசித்துவாரம், கேஸ் அழுத்தமா வந்து அந்தத் துவாரத்துல நுழைஞ்சு அந்தப் பக்கம் போயி விரியும், விரியும்போதுதான் குளிர்ச்சி. துவாரம் அடைச்சா எல்லாம் அடைச்சுது. இந்தக் காருக்கு டேஷ்போர்டை இறக்கக்கூட வேண்டாம், பானட்டைத் தூக்கினா எஞ்சினுக்குப் பின்னால உள்ள தகரச் சுவத்துலயே இருக்கும், ரெண்டு போல்ட்டு. ஜங்ஷன்ல மீரான் பாய் கடையில புது வால்வு வாங்கிட்டு வந்து மாட்டி, பம்பைப் போட்டு, டீயைச் சொல்லி, எல்லாம் ஒழுங்கா நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. அப்போதான் மண்டபத்துக்காரர் வண்டி வந்து நிக்குது. வெள்ளை வெளேர்னு, இந்தக் கடை வாசலையே அடைச்சுக்கிட்டு. கல்யாண மண்டபம் வச்சிருக்காரு, ஊர்ல பாதிப்பேருக்கு அவரைத் தெரியும், "என்ன மாசானம், வெரசலா ஒரு கேஸைப் போட்டு விடு, ஒரு மணி நேரத்துல மதுரைக்குக் கெளம்பணும்"னு சாவிய ஆட்டிக்கிட்டு நிக்காரு. என்கிட்ட இருக்கது ஒரே பம்பு. ஒரே ஒரு பம்பு. எங்கடையில அந்த வண்டி நிக்குதத நாலு பேரு பாக்கணும்னு எனக்கு ஆசை, அதை ஒளிக்க முடியுமா, எதிர்த்த பஞ்சர் கடைக்காரன் எட்டிப் பாத்தான், அதுலயே எனக்குத் தலை கனத்துப்போச்சு. கடியாரத்தைப் பாத்தேன், பன்னெண்டு நிமிசம் ஆயிருந்துச்சு. ஊசி இறங்கிட்டே, போதும்னேன். யாரு கிட்டச் சொன்னேன்? எனக்கு நானே சொன்னேன். அவ வண்டியில இருந்து பம்பைக் கழட்டி இவரு வண்டியில போட்டேன். இவருக்கு நாப்பத்தஞ்சு நிமிசம் முழுசாப் போட்டேன். ஒரு நிமிசம் குறைக்கல.

அதுக்கு முன்னால இன்னொண்ணு. அது நெசமா நடந்துச்சா, நான் இப்போ பயத்துல கட்டிக்கிடுதேனா தெரியல. வால்வை மாட்டுததுக்கு முன்னால ரெண்டு பைப்பும் வாயைத் தொறந்துக்கிட்டு இருந்துச்சு, நான் குனிஞ்சு ரப்பர் ஓ-ரிங்கை மாட்டிக்கிட்டு இருந்தேன், மூக்கு நுனியில ஒரு சொட்டு வேர்வை தொங்குனது ஞாபகம் இருக்கு. கை ரெண்டும் எண்ணெய். தோளால தொடைக்கலாம்னு தலையைத் திருப்பினேன். திருப்பும்போது அந்தச் சொட்டு இல்ல. எங்க விழுந்துச்சு? எஞ்சின் மேல விழுந்திருந்தா சொய்ங்னு ஒரு சத்தம் வந்திருக்கணும், எஞ்சின் சூடு. சத்தம் வந்துச்சா? டீக்காரன் ரேடியோ ஓடிக்கிட்டு இருந்துச்சு. தரையில விழுந்திருக்கும். சட்டையில விழுந்திருக்கும். பைப்புக்குள்ள விழுந்திருக்கும். எட்டு நாளா அந்தச் சொட்டு தொங்குது, திரும்புதேன், காணோம், மறுபடி தொங்குது. நாப்பத்தஞ்சு நிமிசம் போட்டிருந்தா அது எங்க விழுந்தா என்ன, கொதிச்சுப் போயிருக்கும்.

"அண்ணாச்சி!" உள்ள இருந்து கூப்பிடுதா. "காலையில கழட்டின அந்த வால்வைக் கொஞ்சம் குடுங்களேன்."

"எதுக்கும்மா? அது குப்பை."

"அதுல நம்பர் இருக்கும்ல? கம்பெனிக்கு லெட்டர் எழுதுதேன். பேட்ச் நம்பர் போட்டு எழுதினாத்தான் பதில் வரும்."

"இரும்மா, தேடி எடுக்கேன்" அப்படின்னேன். தேடுததுக்கு என்ன இருக்கு, வால்வு என் பேன்ட் பாக்கெட்லதான் கெடக்கு, தொடையில குத்துது. காலையில கழட்டின உடனே அவ பாக்காதப்போ வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்தேன். துவாரம் பளிச்சுன்னு இருக்கு. ஊசி நல்லா அசையுது. அந்தப் பக்கம் வானம் தெரியுது. நல்ல வால்வு. எட்டு நாள் வால்வுக்கு என்ன கேடு, அது பாவம் என்ன செய்யும், தண்ணி வந்து அது வாயில ஐஸாகி அடைச்சா. ஆனா திங்கக்கிழமை அவ போன்ல பேசும்போதே நான் முந்திக்கிட்டேன், "வால்வு போயிருக்கும்மா, இப்போ வர்ற சாமான் ஒண்ணும் சரியில்ல, கம்பெனிக்காரன் ஏமாத்துதான்"னு. கேட்டாளா அவ? யாரு தப்புன்னு கேட்டாளா? "ஏ.சி. பாதியில நின்னுபோச்சு அண்ணாச்சி"ன்னு மட்டும்தான் சொன்னா. நான்தான் கேக்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். சொன்ன பொய்க்காக இன்னைக்கு இன்னொரு புது வால்வு. ஈரத்தை உறிஞ்சுத டிரையர் டப்பியையும் சேத்து மாத்தினேன், அதுதான் நெசமான வேலை, அதைப் பத்தி அவகிட்ட வாயைத் தொறக்கல. மீரான் பாய் ஆறரை மணிக்குக் கடையைத் தொறந்து, "அந்த பீஸ் நல்ல பீஸ்தானடே மாசானம், என் கையால எடுத்துக் குடுத்தேனே"ன்னாரு. நான் தலையைக் கவுத்துக்கிட்டு நின்னேன். அவரு வேற ஒண்ணும் கேக்காம இன்னொண்ணை எடுத்துக் குடுத்தாரு. இப்போ லெட்டர் போச்சுன்னா கம்பெனிக்காரன் முதல்ல அவரு கடைக்குத்தான் வருவான். உக்காந்த எடத்துல இருந்து எத்தனை பேரை இழுத்து விட்டுட்டேன்.

எட்டு ஐம்பத்தொண்ணு. ஊசி அசையல. நல்லா நிக்குது. நல்லா நில்லு ராசா. அவ காலையில சொன்னதை நெனைக்கக் கூடாதுன்னுதான் பாக்கேன், நெனைக்காம இருந்தா இன்னும் பெருசா வருது. வேர்வைச் சுரப்பி இல்லாமலே பொறந்தவளாம். வெயில் ஏறினா உடம்புச்சூடு வெளிய போக வழி இல்லாம உள்ளயே ஏறுமாம். சின்னப்பிள்ளையில பள்ளிக்கூடத்துல டிரில் பீரியட்ல விழுந்திருக்கா, அன்னைல இருந்து ஈரத்துண்டுதான். அதனால காலையில வெயில் ஏறுததுக்குள்ள காலேஜுக்குப் போயிருவா, பொழுது சாஞ்ச பொறவுதான் திரும்புவா. வீட்டுல எல்லாரும் வேலைய விட்டுருன்னு நச்சரிப்பு, அவ மாட்டேன்னு நிக்கா. "இந்தக் காரு ஓடுத வரைக்கும்தான் அண்ணாச்சி எனக்கு வேலை. ஏ.சி. நம்ப முடியலன்னா அவங்க சொல்லுதது சரின்னு ஆயிரும்"னா. புதன், வியாழன் காலேஜ் லீவு. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏதோ மீட்டிங், வந்துதான் ஆகணும்னு சொல்லிட்டாங்க. வேற நாளா இருந்தா முடியாதுன்னுருப்பாளாம். "நீங்க செஞ்சு குடுத்துட்டீங்கன்னுதான் உச்சி வெயில்ல எடுத்தேன்"னு சொன்னா. குத்தம் சொல்லுத மாதிரி இல்ல, சாதாரணமா, ஃபேனை இந்தப் பக்கம் திருப்புங்கன்னு சொல்லுத மாதிரி. கயத்தாறு தாண்டுனதும் குளிர் நின்னுருக்கு. வெறும் அனல் காத்து. கண்ணாடிய எறக்குனா அது அதைவிட அனல். கொண்டுபோன ரெண்டு பாட்டிலும் தலையில ஊத்தித் தீந்துபோச்சு. ஓரமா நிறுத்திட்டு எனக்குப் போன் போட்டிருக்கா. பொறவு கதவைத் தொறந்து எறங்குனது ஞாபகம் இருக்காம், அதுக்கு மேல இல்லையாம். நுங்கு வித்துக்கிட்டு இருந்த ஒரு அம்மா பாத்துட்டு ஓடி வந்து, குடத்துத் தண்ணியை அப்படியே அவ மேல கவுத்திருக்கு. டாக்டர் சொன்னாராம், இன்னும் பத்து நிமிசம் போயிருந்தா அவ்வளவுதான்னு. அவ அந்த அம்மாவைப் பத்தித்தான் அதிகம் பேசுதா, "பாதி நுங்கு அப்படியே தரையில கொட்டிப்போச்சு அண்ணாச்சி, பாவம்"ங்கா.

எனக்குப் போன் போட்டா. ஒண்ணு பத்துக்கு. நான் எங்க இருந்தேன்? மண்டபத்துல பந்தியில இருந்தேன். ஏ.சி. பிரமாதம்னு மண்டபத்துக்காரர் கூப்பிட்டு அனுப்பிச்சிருந்தாரு, அவுக சொந்தத்துல கல்யாணம், போயிருந்தேன், எலையில பாயாசம் ஊத்திக்கிட்டுப் போறான், எலைக்குப் பக்கத்துல போன் மினுங்குது. வேர்க்காத மேடம். பாத்தேன். நல்லா எழுத்துக் கூட்டிப் பாத்தேன். குறை சொல்லத்தான் கூப்பிடுதா, சாப்பிட்டுப் பேசிக்கிடலாம்னு கவுத்து வச்சேன். பக்கத்து எலைக்காரரு யாருன்னாரு. "கஸ்டமரு, சும்மா நச்சரிப்பு"ன்னேன். அப்பளத்தைப் பாயாசத்துல நொறுக்கிப் போட்டுத் தின்னேன், ருசி கூட இப்போ நாக்குல இருக்கு, தூ. அந்தப் போனை எடுத்திருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? அதுதான் என்னைக் கொல்லுது. எனக்கு ஒரே நொடியில வெளங்கியிருக்கும். அரைமணி நேரம் குளிர்ந்து பொறவு நின்னா அது உள்ள ஐஸ் அடைச்சிருக்குன்னுதான் அர்த்தம். "ஏ.சி.ய அணைச்சுப் போட்டு, பத்து நிமிசம் பொறுத்துப் போடும்மா, தானா குளிரும்" இவ்வளவுதான். ஒரு வரி. வெயில்ல எறங்க வேண்டாம், நுங்குக்காரி ஓடி வர வேண்டாம், ஆஸ்பத்திரியில ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்த வேண்டாம். அந்த ஒரு வரி என் வாயில இருந்துச்சு, நான் அதுல பாயாசத்தை ஊத்திக்கிட்டு இருந்தேன். அப்புறம் திங்கக்கிழமை அவ, "அன்னைக்குக் கூப்பிட்டேன், எடுக்கல போல"ன்னப்போ, "நம்பர் பதிவு பண்ணலம்மா, யாரோன்னு விட்டுட்டேன்"னு வாய் கூசாமச் சொன்னேன். இது ரெண்டாவது பொய்யா மூணாவதா? எண்ண எண்ணக் கூடுது.

ஒம்பது நாலு. மிச்சம் பதிமூணு நிமிசம். அவ ரூம்ல இருந்து வெளிய வந்து பானட்டுக்குப் பக்கத்துல நிக்கா, கையில போன். தலையில முடி ரொம்ப மெல்லிசு, ஈரத்துல ஒட்டிக்கிட்டு இருக்கு. "வெளிய நிக்காதம்மா, அனல் அடிக்குது"ன்னேன். "நிழல்தான, ஒண்ணும் செய்யாது. கேளுங்க, சரியா இருக்கான்னு"ன்னுட்டு வாசிக்கா. "தங்கள் நிறுவனம் தயாரித்த வால்வு, பொருத்திய நான்காவது நாளே பழுதானதால் என் உயிருக்கு ஆபத்து ஏற்பட்டது. அனுபவம் மிக்க மெக்கானிக் முறைப்படி பொருத்தியும்..." அந்த இடத்துல நிறுத்தி, "உங்க பேரு போடலாம்ல?"ங்கா. "எதுக்கும்மா அதெல்லாம்"னேன். என் குரல் எனக்கே வேற யாரு குரலோ மாதிரிக் கேட்டுது. "இல்ல அண்ணாச்சி, உங்க மேல யாரும் தப்பு சொல்லிறக் கூடாதுல்ல. நீங்க என்ன செய்வீங்க, சாமான் மோசம்னா." அட பாவி மாசானம். உன்னைக் காப்பாத்தப் பாக்கா. ஈரத்துண்டைக் கழுத்துல போட்டுக்கிட்டு, செத்துப் பொழைச்சு வந்து, உன் பேரைக் காப்பாத்தப் பாக்கா. முதல் தடவை கேஸ் போட்டு முடிச்சதும் நான் பைப்பைக் காட்டி, "பாருங்க, பைப்பு வேர்த்துட்டு, பைப்பு வேர்த்தா ஏ.சி. ஜம்முன்னு இருக்குன்னு அர்த்தம்"னு பீத்திக்கிட்டேன். அவ ஒரு விரலால அந்தத் தண்ணிப் பொட்டைத் தொட்டுப் பாத்துட்டு, "இதுக்காவது வேர்க்குதே"ன்னா. அப்பவும் எனக்கு வெளங்கல. வெளங்கியிருந்தா திரும்பவும் பம்பைப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன்னு சொல்லிக்கிட ஆசையாத்தான் இருக்கு. மண்டபத்துக்காரரு நின்னுக்கிட்டு இருந்தாரே.

"வால்வைத் தேடித் தாங்கன்னேனே. இல்லன்னா போட்டோ எடுத்து என் நம்பருக்கு அனுப்பி விடுங்க. இருங்க, நம்பர்தான் இல்லன்னீங்களே, ஒரு மிஸ்டு கால் குடுக்கேன்" அப்படின்னுக்கிட்டே அமுக்கிட்டா.

என் போன் காரோட முன்சக்கரத்து மட்கார்டு மேல இருந்துச்சு. ரெண்டு பேருக்கும் நடுவுல. நான் கையை நீட்டுததுக்குள்ள அது மினுங்கிட்டுது. பெரிய எழுத்து, எனக்குக் கண்ணாடி இல்லாம வாசிக்கணும்னு பெருசா வச்சிருக்கேன், மூணாவது வீட்டுல இருந்து பாத்தாலும் தெரியும். வேர்க்காத மேடம். அது பாட்டுக்கு அடிக்குது. அவ பாக்கா. நான் பாக்கேன். பம்பு டொர்ருன்னு ஓடுது. எடுத்து அணைக்கணும்னு தோணுது, கை வரமாட்டேங்குது. முழுசா அடிச்சு ஓஞ்சுது.

"என் பேரு ஆவுடைநாயகி" அப்படின்னா, பைய. "முதல் நாளே நம்பரைப் போட்டுட்டீங்க போல."

"ஆமாம்மா."

"அப்போ வெள்ளிக்கிழமை..."

"பாத்தேன். பாத்துட்டுத்தான் கவுத்து வச்சேன்."

இன்னொரு பொய்யைத் தேடினேன், ஒதுங்க எடம் இல்ல. பாக்கெட்டுக்குள்ள கையை விட்டு வால்வை எடுத்து அவ முன்னால நீட்டினேன். "இது நல்ல வால்வும்மா. வெளிச்சத்துல பாருங்க, துவாரம் தெரியும். லெட்டர் எழுதாதீங்க. கம்பெனிக்காரன் மேல தப்பு இல்ல, கடைக்காரர் மேல தப்பு இல்ல. இந்தா ஓடுதே பம்பு, இதை நாப்பத்தஞ்சு நிமிசம் ஓட விடணும். அன்னைக்கு உங்க வண்டிக்குப் பன்னெண்டு நிமிசத்துல கழட்டிட்டேன். பெரிய வண்டி ஒண்ணு வந்துச்சு, அதுக்குப் போட்டேன். உள்ள ஈரம் நின்னுபோச்சு. அது ஐஸாகி அடைச்சுதான் உங்களுக்குக் குளிர் நின்னுது. என் மூக்குல இருந்து விழுந்த வேர்வையாக்கூட இருக்கும், எனக்குத் தெரியல. நீங்க போன் போட்டப்போ எடுத்திருந்தா ஒரே வரியில சரி பண்ணியிருப்பேன். நான் பந்தியில இருந்தேன். தப்பு பூராவும் என்னோடது." சொல்லி முடிச்சதும் நெஞ்சு லேசாகும்னு நெனச்சேன். ஒரு மண்ணும் ஆகல. அவ வால்வை வாங்கி, கண்ணுக்கு நேராத் தூக்கிப் பிடிச்சு, அந்த ஊசித்துவாரம் வழியா ரொம்ப நேரம் பாத்தா. பொறவு போன்ல எழுதினதை அழிச்சா. ஒரேயடியா அழிக்கல, கடைசி எழுத்துல இருந்து ஒவ்வொண்ணா அழிச்சா. நான் பாத்துக்கிட்டே நின்னேன்.

"அன்னைக்கு நான் வேற யாருக்கும் போன் போடல அண்ணாச்சி. வீட்டுக்குக்கூடப் போடல. வீட்டுக்குப் போட்டா வேலைய விடச் சொல்லுவாங்க. நீங்க எடுத்துருவீங்கன்னு இருந்துட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. கத்தியிருக்கலாம். எதிர்த்த கடைக்காரன் கேக்கட்டும்னு என்னை நாலு வார்த்தை நாறக் கேட்டிருக்கலாம், நான் வாங்கிக்கிட்டு நின்னிருப்பேன். அவ கடியாரத்தைப் பாத்தா. "இன்னைக்கு எத்தனை மணிக்குப் போட்டீங்க?"

"எட்டு முப்பத்திரெண்டு."

"அப்போ இன்னும் ஏழு நிமிசம் இருக்கு." துண்டை நனைக்க உள்ள போயிட்டா.

அந்த ஏழு நிமிசம். ஒம்பது பதினேழு ஆச்சு, நான் அணைக்கல, இருபத்தஞ்சு வரைக்கும் ஓட விட்டேன், எட்டு நிமிசம் கூடுதலா ஓடினா போன வெள்ளிக்கிழமை திரும்பி வரவா போகுது, இருந்தாலும் ஓட விட்டேன். ஊசி நிக்குதான்னு இன்னொரு பத்து நிமிசம் பாத்தேன். கேஸ் போட்டேன். பைப்பு குளிர்ந்து வேர்த்துச்சு. நான் காட்டல. "நானே முதல்ல ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு வாறேம்மா, நீங்க ஃபேன்கிட்டயே இருங்க"ன்னேன். அவ தண்ணிக் கேனை ரெண்டு கையாலயும் தூக்கிப் பின் சீட்டுல வச்சுட்டு, டிரைவர் சீட்டுல ஏறி பெல்ட்டைப் போட்டா. "நான் ஓட்டுதேன். நீங்க முன்னால ஏறுங்க. கண்ணாடி எல்லாத்தையும் ஏத்துங்க."

இப்போ பத்து இருபது. நாலுவழிச்சாலை, வெயில் தார்ல பட்டுக் கண்ணைக் கூசுது. கெளம்பி முப்பத்தாறு நிமிசம் ஆகுது. அவ ரோட்டை மட்டும் பாக்கா, நான் டேஷ்போர்டுல காத்து வர்ற ஓட்டையை மட்டும் பாக்கேன், அதுக்கு முன்னால கையை விரிச்சு வச்சுக்கிட்டே வாறேன், குளிர் கொறையுதா, கொறையுத மாதிரி இருக்கா, இல்ல, கை மரத்துப்போச்சு, கையை மாத்தி வைக்கேன். கரண்டு எடுக்குத காத்தாடிகள் வர ஆரம்பிச்சாச்சு, பெருசு பெருசா, ரெண்டு பக்கமும் சுத்துது. கயத்தாறு போர்டு தாண்டுது. வண்டிய அவ மெதுவாக்குனா, ஒரு ஒடைமரத்தடியில சாக்கு விரிச்சு ஒரு அம்மா நுங்கு சீவிக்கிட்டு இருக்கு, அவ அந்தப் பக்கம் ஒரு பார்வை பாத்துட்டு நிறுத்தாமப் போறா. முப்பத்தொம்பது நிமிசம். அன்னைக்கு இதுக்கு மேலதான் நின்னுது. நாப்பது. நாப்பத்தொண்ணு. கடவுளே, நாப்பத்திரெண்டு. காத்து ஜில்லுன்னு வருது, விரல் நுனியெல்லாம் வலிக்குது, நெத்தியில இருந்து ஒண்ணு எறங்கிப் புருவத்துல நிக்குது, கழுத்துல எறங்குது, முதுகு பூரா நனைஞ்சு சீட்டோட ஒட்டுது, பனியனைப் பிழியலாம். துடைக்கக்கூடத் தோணல. அவ கழுத்துல இருந்த துண்டை ஒரு கையால உருவி மடியில வச்சா. காஞ்சுபோயிருந்துச்சு. நாப்பத்தஞ்சு. குளிர் நிக்கல.

"அண்ணாச்சி."

"சொல்லும்மா."

"இவ்வளவு குளிர்லயும் உங்களுக்கு வேர்க்குது." மடியில கெடந்த துண்டை எடுத்து என் பக்கம் நீட்டினா. கண்ணு ரோட்டை விட்டு அசையல. "குடுத்து வச்சவரு நீங்க."